சிற்றூர்க் குழந்தைகளின் மலேரியாவுக்கு ஊரிலேயே உடனடி மருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட அன்றே, அதே ஊரில் வசிக்கும் ஒரு தொண்டரோ பயிற்சி பெற்ற ஒரு தாயோ மலேரியா மருந்து கொடுக்கும் ஏற்பாடு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அது எப்படித் தொடங்கியது, எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது. எத்தியோப்பியாவின் வடக்கிலுள்ள டிக்ரே மாநிலத்தின் அனுபவம் இதில் அடிக்கடி வரும்.

காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோவதுதானே முறை? ஊரிலேயே மருந்து கொடுப்பானேன்?

மருத்துவர் அருகில் இருந்தால் அதுவே முறை. ஆனால் பால்சிபாரம் வகை மலேரியா பயண நேரத்துக்காகக் காத்திருப்பதில்லை. அந்த ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகப் பெருகுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் எண்ணிக்கை பல மடங்காகிறது. ஒட்டுண்ணி குடியேறிய அணுக்கள் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்தை அடைக்கின்றன. அது மூளையில் நிகழ்ந்தால் வலிப்பு வந்து நினைவு தப்புகிறது. சிவப்பணுக்கள் பெருமளவில் அழிந்தால் கடும் இரத்தசோகை உண்டாகிறது. காலையில் உடம்பு சுட்ட குழந்தை மறுநாள் மாலைக்குள் கைமீறிப் போய்விடக்கூடும்.

பிறந்த சில மாதங்கள்வரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குழந்தையைக் காக்கிறது. பிறகு, பலமுறை மலேரியா கண்டு சொந்த எதிர்ப்பாற்றல் வளரும்வரை, இடைப்பட்ட ஆண்டுகள் வெட்டவெளியாகக் கிடக்கின்றன. உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். அவர்களில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள், அந்த வட்டாரத்தில் இறந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஐந்து வயது நிறையாதவர்கள். நல்ல மருந்து இருந்தும் இத்தனை சாவுகள் நிகழ்வதற்குப் பெரும் காரணம், மருந்தும் குழந்தையும் உரிய நேரத்தில் ஒரே இடத்தில் இல்லாததுதான்.

24 மணி நேரத்துக்குள் மருந்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

மேலே சொன்னபடி நோய் அவ்வளவு விரைவாக முற்றுவதிலிருந்துதான். அதை அரசியல் வாக்குறுதியாக்கியது 2000 ஏப்ரலில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாடுகளின் உச்சிமாநாடு. மலேரியா கண்டவர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினருக்கு 24 மணி நேரத்துக்குள் தக்க மருந்து கிடைக்கச் செய்வது என்றும், அதை 2005க்குள் எட்டுவது என்றும் அங்கே முடிவானது. பல நாடுகள் அந்தக் கெடுவுக்குள் இலக்கை எட்டவில்லை. ஆனாலும் எந்தத் திட்டத்தையும் உரசிப் பார்க்கும் கல்லாக அந்த 24 மணி நேரம் நிலைத்துவிட்டது.

டிக்ரேயில் என்னதான் செய்தார்கள்?

டிக்ரே வறட்சிக்கும் போருக்கும் பேர்போன மேட்டுநிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை; மழை ஓய்ந்ததும் கொசு பெருகி, செப்டம்பர் தொடங்கி மலேரியா உச்சத்துக்குப் போகும். அதே மாதங்களில்தான் அறுவடையும் வருகிறது. வீட்டில் உள்ளோர் எல்லாம் வயலில் இருக்கும் நேரத்தில், காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொலைவிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நடப்பது என்றால் அன்றைய வேலையும் கூலியும் போனதாகவே பொருள். வறட்சியை வெல்வதற்கென்று கட்டிய சிற்றணைகள் சிக்கலை இன்னும் கூட்டின. அணைக்கு அருகிலிருந்த ஊர்களின் குழந்தைகளுக்கு, எட்ட இருந்த ஊர்களைப்போல ஏழு மடங்கு மலேரியா வந்ததை 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வை முன்னின்று நடத்திய டெட்ரோஸ் அதனோம் கெப்ரேயேசுஸ் பின்னாளில் உலகச் சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநரானார்.

ஊர்த் தொண்டர்கள் வழியாக மலேரியா மருந்து கொடுக்கும் திட்டம் அங்கே 1992இலேயே தொடங்கியிருந்தது. அதற்கு அடுத்த படியாக, கெப்ரேயேசுஸ் கிடானே, ரிச்சர்டு மோரோ ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள்: மருந்தை நேரே தாய்மாரின் கைக்குக் கொண்டுபோனால் சாவு குறையுமா? பல சிற்றூர்கள் சேர்ந்த நிர்வாக அலகுக்கு அங்கே தாபியா என்று பெயர். 24 தாபியாக்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வான தாபியாக்களில் தாய்மார் சிலரை ஒருங்கிணைப்பாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அக்கம்பக்கத்துத் தாய்மாருக்கு மலேரியாவின் அறிகுறிகளைச் சொல்லித்தருவதும், காய்ச்சல் கண்டவுடன் அன்றைய மலேரியா மருந்தான குளோரோகுவின் கொடுக்கச் செய்வதும் இவர்கள் பொறுப்பு. வயதுக்கேற்ற மாத்திரை அளவைப் படமாகக் காட்டும் அட்டை அவர்களிடம் இருந்தது, எழுத்தறிவு தேவைப்படவில்லை. இரு வகைத் தாபியாக்களிலும் பிறப்பும் இறப்பும் மாதந்தோறும் பதிவாயின.

1997 ஜனவரி முதல் டிசம்பர் வரை, பயிற்சி நடந்த தாபியாக்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 6,383 குழந்தைகளில் 190 பேர் இறந்தார்கள். பயிற்சி இல்லாத தாபியாக்களில் 7,294 பேரில் 366 பேர். ஆயிரத்துக்கு 29.8 என்பது ஒரு பக்கம், 50.2 என்பது மறுபக்கம். அதாவது சாவு 40 விழுக்காடு குறைந்திருந்தது.

சாவுக்கு மலேரியாதான் காரணமா என்று பார்க்க, இறந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று விரிவாகக் கேட்டறிந்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்புவது எளிய வேலை அன்று. பயிற்சி நடந்த பகுதியில் கேட்டறிந்த 70 சாவுகளில் 13 மட்டுமே மலேரியாவாக இருக்கலாம் என்று தோன்றின. மறுபகுதியில் 120இல் 68. மலேரியாச் சாவுதான் குறைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்த முடிவு வெளியானபோது பலருடைய எண்ணத்தை அது மாற்றியது.

படிக்காத தாய் அளவு தவறிக் கொடுத்துவிட மாட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நகரத்தில் இருப்பவர்கள். ஊருக்கு மருந்து கொண்டுபோவதற்கு முன்பும் தாய்மார் சும்மா இருக்கவில்லை. கைவைத்தியம் பார்த்தார்கள், சந்தைக் கடையில் ஒன்றிரண்டு மாத்திரைகளை உதிரியாக வாங்கிக் கொடுத்தார்கள். அளவு குறைந்த மாத்திரை, கெடு தாண்டிய மாத்திரை, காய்ச்சலை மட்டும் தணிக்கும் மாத்திரை எல்லாம் அதில் அடக்கம். ஆகவே வீட்டில் எப்படியும் நடக்கும் வைத்தியத்தைச் சரியான வைத்தியமாக ஆக்குவதுதான் இங்கே நடக்கும் வேலை.

தவறைக் குறைக்க உதவிய எளிய உத்தி, ஒரு குழந்தைக்கு வேண்டிய முழு மருந்தையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தது. உகாண்டா 2002இல் ‘ஹோமாபாக்’ என்ற பெயரில் இத்தகைய பொட்டலத்தை ஊர்தோறும் இலவசமாகத் தந்தது: இரண்டு வயதுக்குக் கீழே சிவப்பு, இரண்டு முதல் ஐந்து வரை பச்சை. புர்கினா பாசோவில் இதேபோன்ற ஏற்பாட்டை ஆராய்ந்தபோது, உறையிட்ட மருந்து பெற்ற குழந்தைகளில் 5 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 11 விழுக்காட்டினருக்கும் நோய் முற்றியது தெரியவந்தது.

அப்படியானால் எங்கும் இது வெற்றிதானா?

இல்லை. டிக்ரேக்கு முன்பே இரண்டு இடங்களில் ஏமாற்றம் கிடைத்திருந்தது. கென்யாவின் மேற்கிலுள்ள சராதிதியில் 1980களில் ஊர்த் தொண்டர்கள் குளோரோகுவின் கொடுத்தார்கள். மக்கள் விரும்பி வாங்கிக்கொண்டார்கள். குழந்தைச் சாவில் மாற்றம் தென்படவில்லை. காம்பியாவிலும் தொண்டர்கள் வைத்தியம் மட்டும் செய்த ஊர்களில் சாவு குறையவில்லை; காய்ச்சல் வருமுன்னே இரு வாரத்துக்கு ஒருமுறை தடுப்பு மாத்திரை கொடுத்த ஊர்களில்தான் குறைந்தது. மருந்து ஊரில் இருப்பது மட்டும் போதாது, அது நோயுற்ற குழந்தையின் வாய்க்கு அன்றே போய்ச்சேர வேண்டும் என்பதாக நான் இதைப் படிக்கிறேன். தொண்டருக்கும் தாய்க்கும் இடையிலுள்ள கடைசி நூறு தப்படியை டிக்ரே கடந்தது.

வேறொரு வகைப் பாடம் உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்தது. அங்கே வீட்டிலேயே மருந்து வைத்துக்கொண்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 4.66 முறை மலேரியா மருந்து உண்டார்கள்; மற்றவர்கள் 2.53 முறை. உடல்நலத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மலேரியா குறைவாகவும் மருத்துவமனை பக்கத்திலும் உள்ள நகரத்தில் இந்த முறை மாத்திரையை வீணாக்கும் என்பதே 2009இல் வெளியான அந்த ஆய்வின் செய்தி. கிராமத்துக்கு அளந்து தைத்த சட்டை இது.

இப்போது ஏன் குளோரோகுவின் கொடுப்பதில்லை?

ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிட்டது. ஆப்பிரிக்காவின் கிழக்கில் 1970களின் இறுதியிலேயே தொடங்கிய எதிர்ப்பு மெல்லப் பரவி, மலாவி 1993இலும் எத்தியோப்பியா 1998இலும் சல்பாடாக்சின்–பைரிமெத்தமின் கூட்டுக்கு மாறின. அதுவும் நெடுநாள் தாங்கவில்லை. 2004இல் எத்தியோப்பியா ஆர்ட்டிமீதர்–லுமெபான்ட்ரின் கூட்டு மருந்துக்குப் போனது. சீன மரபு மருத்துவ மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்ததைப் பலர் அறிந்திருப்பார்கள். அந்தக் குடும்பத்து மருந்துதான் இது. ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா, டான்சானியா ஆகிய நாடுகளில் இதற்கும் ஓரளவு எதிர்ப்பு தலைகாட்டிவிட்டது என்பதால், பரிசோதிக்காமல் மருந்தை வாரியிறைக்கும் காலம் முடிந்துவிட்டது.

மலேரியாதான் என்று ஊரில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1990களில் கண்டுபிடிக்கவில்லை, காய்ச்சல் என்றாலே மலேரியா என்று வைத்துக்கொண்டார்கள். 2010இல் உலகச் சுகாதார அமைப்பு, எந்த வயதினருக்கும் பரிசோதித்த பிறகே மருந்து என்று பரிந்துரைத்தது. அதைச் சாத்தியமாக்கியது, கட்டைவிரல் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் அட்டை.

தொண்டர் கையுறை மாட்டிக்கொண்டு, தாயின் மடியிலிருக்கும் குழந்தையின் மோதிர விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுகிறார். விரலின் ஓரத்தில் ஒரு குத்து; பொட்டுப்போல இரத்தம் எழும்புகிறது. சிறு உறிஞ்சியால் அதைத் தொட்டெடுத்து அட்டையின் ஒரு குழியிலும், குப்பியிலிருந்து சில துளி கரைசலை மற்றொரு குழியிலும் விட்டு, அட்டையின் மேல் நேரத்தை எழுதி வைக்கிறார். 15 அல்லது 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். அட்டை வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரிந்தால் மலேரியா இல்லை. இரண்டு தெரிந்தால் உண்டு. மங்கலான கோடும் கோடுதான். கட்டுப்பாட்டுக் கோடே வராவிட்டால் அந்த அட்டையைப் போட்டுவிட்டு வேறொன்றைப் பிரிக்க வேண்டும்.

உண்டு என்றால் முதல் வேளை மருந்து அங்கேயே கொடுக்கப்படுகிறது. 5 கிலோ முதல் 15 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைக்கு வேளைக்கு ஒரு மாத்திரை, மூன்று நாளில் மொத்தம் ஆறு. நீரில் கரைந்து இனிக்கும் குழந்தை மாத்திரை 2009இல் வந்ததிலிருந்து, கசப்பு மாத்திரையைப் பொடித்து மூக்கைப் பிடித்துப் புகட்டும் போராட்டம் குறைந்திருக்கிறது. கொழுப்போடு சேர்ந்தால் மருந்து நன்றாக உறிஞ்சப்படும் என்பதால் பாலூட்டிய கையோடு கொடுக்கச் சொல்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் குழந்தை கக்கிவிட்டால் அந்த வேளையை மறுபடி கொடுக்க வேண்டும். எனவே தாய் உடனே எழுந்துபோக அனுமதியில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையை அடுத்த குழந்தைக்கென்று எடுத்துவைப்பதுதான் எங்கும் நடக்கும் தவறு.

ஒரு குறை உண்டு. பெரும்பாலான அட்டைகள் தேடுவது ஒட்டுண்ணி வெளியிடும் ஒரு புரதத்தை. நோய் குணமான பின்னும் அது சில வாரங்கள் இரத்தத்தில் தங்குவதால், அண்மையில் மருந்துண்ட குழந்தைக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் அட்டையை மட்டும் நம்பக் கூடாது.

பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தால் தாயை வெறுங்கையோடு அனுப்புவதா?

அப்படி அனுப்பினால் அவர் அடுத்த முறை வரமாட்டார். நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் அதே வயதுக் குழந்தைகளைக் கொல்லும் நோய்கள். நிமோனியாவிலும் காய்ச்சல் உண்டு. அதனால் 2012 முதல் உலகச் சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் மூன்றையும் ஒரே தொண்டர் பார்க்கும் முறையை வலியுறுத்துகின்றன. தொண்டர் குழந்தையின் சட்டையை உயர்த்தி, நெஞ்சு ஏறியிறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுகிறார். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50, அதற்கு மேல் 40 என்ற எண்ணைத் தொட்டால் நிமோனியாவுக்கான அமாக்சிசிலின் மருந்து. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்.

எந்தக் குழந்தைக்கு ஊரில் வைத்தியம் பார்க்கவே கூடாது?

வலிப்பு வந்த குழந்தை, பால்குடிக்க முடியாத குழந்தை, உண்டதை எல்லாம் கக்கும் குழந்தை, எழுப்பினாலும் விழிக்காத குழந்தை, உள்ளங்கை வெளுத்த குழந்தை, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கும் குழந்தை. இவற்றுள் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கடும் மலேரியா என்றால் அங்கே ஆர்ட்டிமிசினின் குடும்பத்து மருந்தான ஆர்ட்டிசுனேட்டை ஊசி வழியாக ஏற்ற வேண்டும்.

வழியில் இறந்துவிடாமலிருக்க, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆசனவாய் வழியாக ஆர்ட்டிசுனேட் வில்லை ஒன்றைச் செலுத்தி அனுப்பும் முறை உண்டு. கானா, டான்சானியா, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், ஆறு மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடைய முடியாதவர்களிடையே சாவும் நிரந்தர ஊனமும் 3.8 விழுக்காட்டிலிருந்து 1.9 ஆகக் குறைந்தன. ஆனால் 2018–2020இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா, உகாண்டா ஆகிய நாடுகளில் இதைப் பெரிய அளவில் செய்தபோது சாவு குறையவில்லை. வில்லையால் காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் சிலர் மருத்துவமனைக்குப் போகவில்லை. போனவர்களிலும் பலருக்கு முழு மருந்து கிடைக்கவில்லை. 2022 ஜனவரியில் உலகச் சுகாதார அமைப்பு இதை விரிவாக்குவதை நிறுத்திவைக்கச் சொல்லி, அடுத்த ஆண்டு நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதித்தது. வில்லையைக் குறை சொல்வதற்கில்லை; அதற்கு அப்பால் இருந்த சாலையும் மருத்துவமனையும்தான் கைவிட்டன.

தொண்டர்களுக்குச் சம்பளம் உண்டா?

நெடுங்காலம் இல்லை. மிதிவண்டி, சட்டை, பாராட்டுச் சான்றிதழ் என்று ஓட்டினார்கள். அறுவடை நாளில் அடுத்த வீட்டுக் குழந்தைக்காக அரை நாளை விடும் ஏழை உழவரின் வேலைக்கு விலையில்லை என்று கருதுவது எனக்கு உடன்பாடில்லை. உலகச் சுகாதார அமைப்பும் 2018இல் இவர்களுக்கு முறையான ஊதியம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எத்தியோப்பியா 2003இலேயே ஊருக்கு இருவர் என்ற கணக்கில் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தத் தொடங்கி, 30,000க்கும் மேற்பட்டவர்களைப் பணியில் சேர்த்தது.

இந்தியாவில் இது உண்டா?

உண்டு. 2005இல் தொடங்கிய ஆஷா பணியாளர்கள் ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் காட்டோர ஊர்களில் இதே பரிசோதனை அட்டையோடும் கூட்டு மருந்தோடும் வேலை செய்கிறார்கள். ஒடிசா 2017 முதல், எட்டாத மலையூர்களுக்குப் போய், காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்துப் பரிசோதிக்கிறது.

தடுப்பூசி வந்துவிட்டதே, இனியும் இது தேவையா?

தேவை. 2021இல் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியையும் 2023இல் ஆர்21 தடுப்பூசியையும் உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. இரண்டும் நோயைக் குறைக்கின்றன, முற்றாகத் தடுப்பதில்லை. ஊசி போட்ட குழந்தைக்கும் காய்ச்சல் வரும். வந்தால் அன்றே பார்க்க வேண்டும்.

மருந்து தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

தொண்டரிடம் இரண்டு முறை மருந்து இல்லையென்றால், மூன்றாம் முறை தாய் அவர் வீட்டுக்குப் போவதில்லை. பழையபடி சந்தைக் கடைக்குப் போகிறார். மழைக்கால உச்சத்தில் தேவை பல மடங்காகும், அதே நேரத்தில் சாலை சேறாகும். எனவே மழைக்கு முன்பே இருப்பு ஊரை அடைந்திருக்க வேண்டும்.

இதன் கொடிய எடுத்துக்காட்டும் டிக்ரேயிலிருந்தே வருகிறது. 2020 நவம்பரில் அங்கே போர் மூண்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அடுத்த சில மாதங்களில் பார்வையிட்ட 106 மருத்துவ நிலையங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு சூறையாடப்பட்டிருந்தன. இயல்பாக இயங்கியவை 13 விழுக்காடு மட்டுமே. எத்தியோப்பியா முழுவதிலும் மலேரியா மீண்டும் எழுந்து, 2024 ஜனவரி முதல் அக்டோபர் 20 வரை 73 லட்சம் பேருக்கு நோய் கண்டதாகப் பதிவாகியிருக்கிறது. போர் 2022 நவம்பரில் ஓய்ந்தபின், சில நிலையங்களில் அலமாரிகளையும் மருந்துக் கிடங்கையும் முதலிலிருந்து அமைக்க வேண்டியிருந்தது.